கார்டில் யார் பேர் இருக்கிறது?

மருத்துவக் காப்பீட்டு மேசைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் ஆதார் கேட்பதில்லை. "வீட்டில் யார் யார் இருக்கீங்க? ரேஷன் கார்டில் யார் யார் பேர் இருக்கு?" இந்த இரண்டையும்தான் கேட்பேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் வேலை மளமளவென்று நடக்கும். பெரும்பாலும் வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மக்கள் ஒரு பைசா பிரீமியம் கட்ட வேண்டாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடும் இணைந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த பிறகுதான் பலர் காப்பீட்டுக் கார்டுக்கு ஓடிவருகிறார்கள். இவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருமானச் சான்றுக்கு விஏஓவைத் தேடிப் போனால் ஒருநாள் கூலி போகிறது. கலெக்டர் ஆபீஸில் பதிவுக்கு நின்றால் இன்னொரு நாள். உடம்பு நன்றாக இருக்கும்போது அந்தக் கூலியை யார் விடுவார்கள்?

ஆண்டு வருமான வரம்பைக் கேட்டே ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. 72,000 ரூபாயாக இருந்தது இப்போது 1,20,000. கொத்தனார் தன் தினக்கூலியை மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, "நமக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க" என்று திரும்பிவிடுகிறார். மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்த நாட்களை அவர் கழிப்பதே இல்லை. அந்தக் கணக்கை எதிரே உட்கார்ந்து நாம்தான் போட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை, குடும்பத்தில் யார் யார் என்று காட்டும் ரேஷன் கார்டுதான். மகளோடு வந்த ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, சோறு மவ வீட்டுல. பேரு மவன் கார்டுல." மகன் திருப்பூரில். போனில் பிடித்து, கார்டு எண்ணை வாங்கிப் போட்டுப் பார்த்தால் அந்த அம்மாவின் பேர் காப்பீட்டில் ஏற்கெனவே இருந்தது. மஞ்சப்பையில் வீட்டுப் பத்திரம் வரைக்கும் கொண்டுவந்திருந்த மகளுக்கு அது தெரியாது. மருமகளும் சொல்லவில்லை.

கணவனை விட்டுப் பிரிந்த பெண்களின் பாடு இவ்வளவு லேசில் தீராது. பேர் அவன் கார்டில் இருக்கும். அவன் போனை எடுக்க மாட்டான். தனிக் கார்டு வாங்கும்வரை நோய் காத்திருக்காது. இப்படிப்பட்டவர்களை, ரேஷன் கார்டைப் பாராமல், மருத்துவமனைக் கட்டிலிலேயே தனி ஆளாகப் பதிய வழி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடும்பம் பிரிந்ததற்கு அவளுடைய சிகிச்சை ஏன் நிற்க வேண்டும்?

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள், பிறந்த குழந்தை, உங்களோடு இருக்கும் அம்மா அப்பா பேர் எல்லாம் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே சேர்த்துவிட்டு, காப்பீட்டிலும் பதிந்து வையுங்கள்.