பெட்டியை எறிஞ்சிடாதேங்கோ

போன மாரியில் நெடுந்தீவில் கடல் கொந்தளித்து, குறிகட்டுவானுக்குப் படகு ஓடாமல் நின்ற இரண்டு நாளில்தான் அக்காவின் எட்டு மாதப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதல் நாள் புதுசாக ஒரு குழந்தை மாப் பெட்டி உடைத்திருந்தோம். மா கொஞ்சம் கட்டிபட்டுத்தான் இருந்தது. மாரிக் குளிருக்கு அப்படி இருக்கும் என்று நாங்களே முடிவெடுத்து இரண்டு வேளை கரைத்துக் கொடுத்தோம். மூன்றாம் வேளை அம்மா மணந்து பார்த்தா. பூஞ்சண மணம்.

பெட்டியைக் கடைக்குக் கொண்டு ஓடினோம். கடைக்கார அண்ணை முகம் சுழிக்காமல், "தாங்கோ தம்பி, வேற பெட்டி தாறன்" என்று மாற்றித் தந்தார். நல்ல மனுசன் என்று சந்தோசமாய் வந்தோம். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன குடுத்தனீங்கள்? அந்தப் பெட்டி இருக்கோ?" இல்லை. கடைக்காரர் அதை அப்பவே எறிந்துவிட்டார். பில்லும் இல்லை.

ஜீவனி கரைத்துப் பருக்கி, சேலைன் ஏற்றி, பிள்ளை தேறிவிட்டான். ஆனால் வருத்தம் மாவால் வந்ததா, தண்ணியால் வந்ததா என்று எங்களுக்கு இனி ஒருநாளும் தெரியாது. அதே தொகுதியில் வந்த மற்றப் பெட்டிகள் எந்த வீடுகளுக்குப் போனதோ, அதுவும் தெரியாது. இரண்டாவதுதான் இப்பவும் எங்களை உறுத்துகிறது.

2013 ஓகஸ்டில் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனம் தன் மோர்ப்புரதத் தூளில் கொடிய பக்டீரியா இருக்கலாம் என்று அறிவித்தது. அதே நாட்களில் இலங்கைச் சுகாதார அமைச்சு, அந்த நிறுவனத்தின் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருப்பதாகச் சொல்லி, குறித்த தொகுதிகளைத் திருப்பி எடுக்கச் சொன்னது. நிறுவனம் அந்தச் சோதனை முடிவை மறுத்தது. நீதிமன்றம் ஒன்று விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தற்காலிகத் தடை போட்டது. மாதக் கடைசியில் நியூசிலாந்து அரசு, அந்தத் தூளில் இருந்தது கொடிய வகை இல்லை என்று அறிவித்தது. கொழும்பில் அமைச்சும் நிறுவனமும் வாதாடிக்கொண்டிருக்க, எங்கட தெருவில் அம்மாமார் பக்கெட்டைத் திருப்பித் திருப்பி இலக்கம் தேடினார்கள். எறிய மனமில்லை, கொடுக்கப் பயம்.

பயம் எப்பவும் பொய்யாய்ப் போவதில்லை. 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் எங்கட நாட்டிலேயே, கிளினிக்கில் இலவசமாய்க் கொடுக்கும் திரிபோஷாவில் அப்லாடொக்சின் இருக்கிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் சங்கம் சொன்னது; அமைச்சர் மறுத்தார். அப்லாடொக்சின் என்பது சோளம், கச்சானில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு. ஈரலைத் தாக்கும். வீட்டில் காய்ச்சினாலும் போகாது.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, பெற்றோருக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். மூன்று கதவு இருக்கிறது. முதலாவது, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொன்னால், பிஎச்ஐ கடைக்கு வந்து மாதிரி எடுத்து, பகுப்பாய்வுக்கு அனுப்பி, வழக்குப் போடலாம். ஆனால் தண்டப்பணம் பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு வராது. இரண்டாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 1977க்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேணும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேணும். விசாரித்து, காசைத் திருப்பவும், பொருளை மாற்றவும், நட்டஈடு கொடுக்கவும் அவர்களால் உத்தரவிட முடியும். மூன்றாவது, கவனயீனத்துக்காக நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்கு. அதற்கு இரண்டு வருசம் அவகாசம். வசதி இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

மூன்று கதவிலும் கைகொடுப்பது ஒன்றுதான்: அந்தப் பெட்டி. நாங்கள் அதைச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

தீவில் வேறொரு தயக்கமும் இருக்கிறது. கடைக்காரர் கடனுக்குச் சாமான் தருபவர், கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் பக்கத்தில் நிற்பவர். அவர்மேல் எப்படி முறைப்பாடு எழுதுவது? நாங்களும் எழுதவில்லை. இப்ப யோசித்தால், அந்த மா அவர் அரைத்த மா இல்லை. பெட்டி படகில் நனைந்ததா, களஞ்சியத்தில் கெட்டதா, தொழிற்சாலையில் இருந்தே அப்படி வந்ததா என்று கண்டுபிடித்திருந்தால் அவருக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

இப்ப அக்கா வீட்டில் ஒரு பழக்கம். புதுப் பெட்டி வந்தால் உடைக்க முன்னம், தொகுதி இலக்கமும் திகதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, பில்லோடு பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் வைக்கிறா. பெட்டி முடிந்து இரண்டு கிழமை போகும்வரை வெறும் பெட்டியையும் எறிவதில்லை. சந்தேகம் வந்தால் மிச்ச மாவோடு இறுக்கிக் கட்டி, கைபடாமல் வைத்து, டொக்டரிடம் காட்டி, துண்டில் எழுதுவித்து, பிஎச்ஐக்குச் சொல்ல வேணும். கடைக்கு அதுக்குப் பிறகு போகலாம்.

பில் தரச் சொல்லிக் கேட்டபோது கடைக்கார அண்ணை முதலில் சிரித்தார். இப்ப கேட்காமலே துண்டில் எழுதித் தருகிறார்.