எழுத்தில் ஏறாத அழுத்தம்

மட்டாஞ்சேரியில் வாய்மொழி வரலாறு திரட்டிவந்த ஆய்வு மாணவி ஒருத்தி, ஒலிப்பதிவிலிருந்த இரண்டு சொற்களில் ஒரு வாரம் சிக்கி நின்றாள். குடும்பத்தார் ஒவ்வொருவராக வெளிநாடு சென்ற பின்னும் ஊரிலேயே தங்கிவிட்ட முதியவர் ஒருவர் சொன்னவை அவை: ‘ஞான் போயில்ல.’ தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவள், ‘நான் போகவில்லை’ என மொழிபெயர்த்து அடுத்த வரிக்குச் சென்றுவிட்டாள். பிறகு ஏதோ உறுத்தியது. அவர் சொன்னது ‘நான்தான் போகவில்லை’ என்பதா? ‘நான் போகவே இல்லை’ என்பதா? முன்னதில் எல்லோரும் சென்றுவிட்ட தனிமை தொனிக்கிறது. பின்னதில் யாரோ சாட்டியதை மறுக்கும் உறுதி தொனிக்கிறது.

இக்குழப்பத்தோடுதான் அவள் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்திற்குள் சென்றாள். அதன் தரையில் பதிந்துள்ள நீலச் சித்திர ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனத்தின் காண்டன் நகரிலிருந்து கப்பலேறி வந்தவை. அவற்றைக் கண்டதும், வகுப்பில் படித்த காண்டனீய மொழி அவள் நினைவுக்கு வந்தது.

காண்டனீயத்தில் ஆறு தொனிகள் உண்டு. ‘ஸி’ என்னும் ஓரசையே தொனி மாற மாறக் கவிதை, வரலாறு, முயலுதல், காலம், சந்தை, காரியம் என வெவ்வேறு பொருள் தரும். தொனியைக் குலைத்தால் சொல்லே வேறாகிவிடும். ஆகவே ஒரு சொல்லை வலியுறுத்த விரும்புவோர் அதனைச் சற்று நீட்டுவர், உரக்கவும் சொல்வர். மாண்டரினிலும் தொனிகள் உண்டு. எனினும் அதனைப் பேசுவோர் வலியுறுத்தும் சொல்லில் சுருதியின் வீச்சை விரித்து, அதற்குப் பின் வரும் சொற்களில் சுருக்கிவிடுவர். அத்தகைய பின்சுருக்கம் காண்டனீயத்தில் இல்லை என்பது ஒலியியல் சோதனைகள் காட்டிய முடிவு.

தமிழோ இப்பணியைப் பெரிதும் இடைச்சொற்களிடம் ஒப்படைத்திருக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்திற்குச் சொல்லும் ஐந்து பொருள்களுள் தேற்றமும் பிரிநிலையும் அடங்கும். அவை எழுத்தில் நிற்பவை. தாளில் படிப்பவரும் அழுத்தத்தை உணரலாம். மலையாளத்திலும் ‘தன்னெ’ உண்டு. ‘ஞானாணு போகாத்தது’ என்று ‘ஆணு’வைப் பெயரோடு சேர்த்து வாக்கியத்தைப் பிரித்துச் சொல்லும் வழியும் உண்டு. முதியவர் இவற்றுள் எதனையும் கையாளவில்லை. அழுத்தம் முழுவதையும் குரலிலேயே வைத்துவிட்டார். எழுத்துப்படியில் அது விழவில்லை.

இத்தகைய இழப்பு மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. கொச்சி யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் 1950களிலும் அதன் பின்னரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பாடல்களின் சொற்களை அந்தக் குறிப்பேடுகளிலிருந்து மீட்கலாம்; எச்சொல்லை நீட்டினர், எங்கே குரலைத் தாழ்த்தினர் என்பதற்கு ஒலிப்பதிவுகளையே நாட வேண்டும். பதிவு செய்யப்படாத குரலுக்கு மாற்று இல்லை.

மாணவி மீண்டும் ஒலிப்பதிவைக் கேட்டாள். கணினித் திரையில் அலைவடிவையும் சுருதிக் கோட்டையும் விரித்துப் பார்த்தாள். ‘ஞான்’ நீண்டு உயர்ந்திருந்தது. ‘போயில்ல’ தாழ்ந்து, ஏறக்குறைய மூச்சாகவே முடிந்திருந்தது. அதே முதியவர் சாதாரணமாகச் சொன்ன வேறு ‘ஞான்’களோடும் அதனை ஒப்பிட்டாள், அவை அவ்வளவு நீளவில்லை.

மொழிபெயர்ப்பில் அவள் ‘தான்’ என்னும் சொல்லைச் சேர்த்தாள். முதியவர் வாயிலிருந்து வராத ஒரு சொல்லை அவர் கூற்றில் சேர்ப்பது நேர்மையா என்று அவளுக்குத் தயக்கம் இருந்தது. சேர்க்காமல் விட்டால் அவர் சொன்னதையே விட்டதாகும் என்று அதன்பின் தெளிந்தாள். அவ்வரியின் அடியில், பெயர்ச்சொல் நீட்டி ஒலிக்கப்பட்டது எனக் குறிப்பெழுதி, ஒலிப்பதிவில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் தந்தாள். ஐயமுறுவோர் தாமே கேட்டுக்கொள்ளலாம்.