பிற்சேர்க்கைக்குப் போன பிள்ளையார்

வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதியதுதான் மகாபாரதம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் விநாயகர் சதுர்த்திக்குப் பெயர்போன புனேயில் உருவான ஆய்வுப் பதிப்பில் அந்தக் கதை பிற்சேர்க்கையில்தான் இருக்கிறது. காரணம், பல முக்கியமான சுவடிகளில் அது இல்லை.

லா காலேஜ் சாலையிலுள்ள பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1917ல் தொடங்கப்பட்டது. சுமார் 28,000 கையெழுத்துப் பிரதிகள் இங்குள்ளன. பாரதத்தின் பழைய வடிவத்தைத் தேடும் வேலை 1919ல் ஆரம்பித்து, 1,259 பிரதிகளை அலசி, 1966ல்தான் முடிந்தது. 1925ல் பொறுப்பேற்ற தலைமைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் 1943லேயே காலமாகிவிட்டார். தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. தஞ்சை சரஸ்வதி மகாலில் ஒரு ஒப்பீட்டு மையம் இயங்கியது. கிரந்த எழுத்துச் சுவடிகளும் சாட்சி சொல்லின.

ஏற்காத பாடங்களைப் பதிப்பாசிரியர்கள் தூக்கி எறியவில்லை. அடிக்குறிப்பிலும் பிற்சேர்க்கையிலும் அச்சிட்டார்கள். விரும்பியவர் ஒப்பிட்டு மறுக்கலாம்.

மறுக்க வேறு வழியும் உண்டென்று நினைத்தது ஒரு கும்பல். சிவாஜி பற்றிய அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் நூலுக்கு இங்கு உதவி கிடைத்தது என்ற கோபத்தில், 2004 ஜனவரி 5ல் நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடியது. நூல்களும் சுவடிகளும் சேதமாயின. சுவடி போய்விட்டால் எதை வைத்து வாதாடுவது? பிள்ளையாருக்காக வழக்காட வருபவருக்கும் முதலில் ஒரு சுவடி வேண்டும்.