தண்ணீர் வேண்டாத மான்

ஆபிரிக்கக் காட்டுக்குச் செல்பவர் சிங்கத்தைக் காணாது திரும்புவாராயின் சென்றதே வீண் என்று எண்ணும் வழக்கம் ஒன்று உண்டு. நமீபியாவின் எட்டோஷாத் தேசியப் பூங்காவினுள் புகுந்தபோது நாம் சிங்கத்தை நாடவில்லை. வின்ட்ஹூக் நகரிலே பணிபுரியும் எமது பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின் பேரில் சென்றிருந்தோம். விலங்கியல் கற்பித்த காலத்தில் கரும்பலகையிற் பலமுறை வரைந்து காட்டிய ஒரு விலங்கை ஒருமுறை உயிரோடு காணவேண்டும் என்ற ஆவல் எமக்கு இருந்தது. ஒரிக்ஸ் என்பர், தென்னாபிரிக்க வெள்ளையர் வழங்கிய பெயர் ஜெம்ஸ்பொக். மான் என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோமாயினும் ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் சாதியன்று, இரலை இனம்.

கரும்பலகையில் வரைவது எளிது, வெளியிற் கண்டுபிடிப்பது எளிதன்று என்பதை முதல் இரண்டு மணி நேரத்திலேயே உணர்ந்தோம். ஓகஸ்ட் மாதத்து வறட்சி. ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள உப்புத்தரை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதன் ஓரத்திலே கானல் நெளிந்தது. நாம் ஆவலோடு சுட்டிக் காட்டியவற்றுள் ஒன்று பட்டமரம். மற்றொன்று ஸ்பிரிங்பொக் மந்தை. வண்டியோட்டி வந்த வழிகாட்டி, நடு வயதினர், சிரித்துக்கொண்டே, “விலங்கைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள்” என்றார். அவ்வாறே பார்த்தோம். மொப்பானி மரமொன்றின் கீழ் நின்ற இரு நேரான குச்சிகள் மெல்ல அசைந்தன. பின்னர் கறுப்பும் வெள்ளையும் தீட்டிய முகம் தெரிந்தது. பின்னர் சாம்பல் நிற உடல். நான்கு நின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்பே நீளமும் மெல்லிமையும் கூடியது. பக்கவாட்டில் ஒன்று திரும்பியபோது இரு கொம்புகளும் ஒன்றாய்த் தெரிந்தன.

பாடநூலிற் படித்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. வெயிலேற ஏற நாம் வியர்த்து உடலைக் குளிரச் செய்கிறோம். இதுவோ உடலின் உஷ்ணத்தை ஓரளவு ஏறவிட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கிறது. மூக்கின் ஈரத்தில் குளிர்ந்து திரும்பும் நாளக்குருதி, மூளைக்குச் செல்லும் நாடிக்குருதியின் சூட்டைத் தணிக்கிறது. பகலிற் சருகாய்க் கிடக்கும் புல் இரவிலே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், இரவிலும் விடியற்காலையிலும் மேய்ந்து அந்த ஈரத்தையும் உண்டுவிடுகிறது. கலகாரியில் காட்டு வத்தகப்பழத்தையும் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த கிழங்குகளையும் தின்று, நீர்நிலையே காணாது நெடுநாள் வாழ வல்லது.

வண்டியிலிருந்த ஐரோப்பியப் பயணி ஒருவர், “தண்ணீரே வேண்டாத பிராணி! என்ன அற்புதம்!” என்று வியந்தார். நாமும் வகுப்பறையில் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லி வந்தோம். இப்போது அதைக் கேட்கச் சிறிது கூச்சமாக இருந்தது. குறைவாகக் கேட்பவரைப் புகழ்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது.

வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் தேநீர் அருந்துகையிற்றான் தம்மைப்பற்றிச் சொன்னார். அவர் ஹாய்ஒம் மக்களைச் சேர்ந்தவர். (அப்பெயரின் நடுவே நாவினால் எழுப்பும் சொடுக்கொலி ஒன்று உண்டு, எமது நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை.) வெள்ளையர் புஷ்மன் என்று பெயரிட்ட வேட்டைக் குடிகளுள் அவர்கள் ஒரு பிரிவினர். பூங்காவின் நீர்நிலைகள் பலவற்றுக்கு இன்றும் அவர்கள் மொழிப் பெயர்களே வழங்குகின்றன. அவருடைய பாட்டியார் பிறந்தது அத்தகைய நீர்நிலை ஒன்றின் அருகிலாம்.

இந்நிலத்தை ஜேர்மன் குடியேற்ற ஆட்சி 1907ஆம் ஆண்டில் வேட்டை விலங்குக் காப்பகமாகப் பிரகடனம் செய்தது. மக்கள் அப்போது உள்ளேயே வாழ விடப்பட்டனர். பின்னர் தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியிலே, புஷ்மன் மக்களை அழியாது காத்தற்கென ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஆம், காத்தற்கென்றே! அக்குழு, ஹாய்ஒம் மக்கள் கலப்புற்றவர், காக்கத்தக்க உண்மைப் புஷ்மன் அல்லர் என்று கண்டு, அவர்களை வெளியேற்றுமாறு விதந்துரைத்தது. 1954இல் வெளியேற்றினர். பூங்கா வேலைக்குத் தேவைப்பட்ட சில குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டனர். ஏனையோரிற் பெரும்பாலார் வெள்ளையரின் பண்ணைகளிற் கூலிகளாயினர். மானுக்கு நிலம் தேவை என்பதையும் பண்ணைக்கு ஆள் தேவை என்பதையும் ஒரே கட்டளையால் நிறைவேற்றிய சாமர்த்தியத்தை என்னென்பது!

1990இல் நாடு விடுதலை பெற்றது. 1997இல் அம்மக்கள் பூங்கா வாயில்களை மறித்துப் போராடினர்; பொலிசார் கைதுசெய்தனர். பின்னாளில் அரசு பூங்காவின் தெற்கே சில பண்ணைகளை வாங்கிக் குடியேற்றியது. 2015இல் தொடுத்த வழக்கு, சமூகம் முழுவதன் பெயரால் வழக்காட மனுதாரருக்கு உரித்தில்லை என்ற நிலையிலேயே நின்று, 2019இல் மேல் நீதிமன்றத்திலும் 2022இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது. நிலம் யாருடையது என்ற வினாவை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை.

இரவு, ஒக்கவுக்குவேயோ முகாமின் நீர்நிலையருகே தாழ்ந்த கற்சுவருக்கு இப்பால் வாங்குகளில் அமர்ந்திருந்தோம். மஞ்சள் விளக்கொளி நீர்மேல் விழுந்து கிடந்தது. யானைகள் வந்து போயின. பின்னர் இருளிலிருந்து ஒற்றை ஒரிக்ஸ் தயங்கித் தயங்கி வந்து, முன்னங்கால்களை விரித்து நின்று, குடிக்கத் தொடங்கியது. நெடுநேரம் குடித்தது. “குடிக்கிறதே!” என்றார் பகலில் வியந்த பயணி, ஏமாற்றம் அடைந்தவர்போல.

“கிடைத்தால் குடிக்கும், ஐயா” என்றார் வழிகாட்டி. வாங்கில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. சுவரில் கைகளை ஊன்றி, விளக்கொளி எட்டாத அப்புறத்து இருளையே பார்த்துக்கொண்டு நின்றார்.