எட்டிய இரை

நுழையும்முன்

விலங்குகளைப் பேணுதல் உணவும் உறைவிடமும் தருவதோடு முடிவதில்லை. அவற்றின் இயல்பை அறிந்து அதற்கு இடமளிக்க வேண்டும். அந்த இயல்பே அவற்றுக்கு ஊறாகாமல் காக்கவும் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற நாயொன்றை மீண்டும் ஓடப் பழக்கிய பெண்மணி ஒருவரின் பட்டறிவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

காதில் எழுதிய வரலாறு

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புளோரிடாவின் வடபகுதியில் உள்ள சிற்றூர் ஒன்றில், பணி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் வீட்டிற்குக் கிரேஹவுண்ட் இனப் பெண்நாய் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கும் அப்போதுதான் பணி ஓய்வு கிடைத்திருந்தது. நாட்டிலேயே மிகுதியான நாய்ப் பந்தயத் தடங்களைக் கொண்டிருந்த அம்மாநிலத்தில், 2018 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பந்தயங்களை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றனர். அதன்படி, 2020 டிசம்பர் 31க்குப் பின் அங்கு நாய்ப் பந்தயம் நடக்கவில்லை. தடங்களை விட்டு வெளியேறிய நாய்களைத் தத்தெடுக்க முன்வந்தோருள் அச்செவிலியரும் ஒருவர்.

நாய்க்கு ரூபி என்று அவர் பெயரிட்டார். அதன் வலக்காதின் உட்புறத்தில் '56சி' என்று பச்சை குத்தப்பட்டிருந்தது. ஐந்தாம் மாதம், ஆறில் முடியும் ஆண்டு, அந்த ஈற்றில் பிறந்த குட்டிகளுள் மூன்றாவது என்பது அதன் பொருள். நாலரை ஆண்டுகள் வாழ்ந்திருந்தும் ரூபி அதுவரை ஒரு வீட்டின் உட்புறத்தைக் கண்டதில்லை. மாடிப்படியின் முன் நின்று நடுங்கியது. கண்ணாடிக் கதவை வெட்டவெளி என்று எண்ணி மோதிக்கொண்டது. பகலின் பெரும்பகுதியை உறங்கியே கழித்தது. மாலை வேளையில் மட்டும், வீட்டின் பின்புறம் வேலியிட்ட சிறு புல்வெளியில் சுற்றிச் சுற்றி ஓடும். அவ்வாறு ஓடும்போது எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும். அமெரிக்கத் தடங்களில் நாய்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுபவை. தடம் மூடப்பட்ட பின்னும் அதன் வளைவு ரூபியின் உடலில் தங்கியிருந்தது.

ஓடுவதற்கென்றே அமைந்த உடல்

கிரேஹவுண்ட், மோப்பத்தைவிடப் பார்வையைக் கொண்டே வேட்டையாடும் நாயினங்களுள் ஒன்று. தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. ஆழ்ந்த மார்புக்கூடு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், வில்லைப் போல வளைந்து நிமிரும் முதுகு என அதன் உறுப்புகள் யாவும் விரைவுக்கென அமைந்தவை. அது பாயும்போது ஒரு பாய்ச்சலில் இருமுறை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுகின்றன. கால்களை உடலுக்கடியில் குவிக்கும்போது ஒருமுறையும், முன்னும் பின்னுமாக நீட்டும்போது மறுமுறையும் அது காற்றில் மிதக்கிறது. இவ்வாறு மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தை அதனால் எட்ட முடியும்.

இத்தகைய நாயைத் திறந்த வெளியில் அவிழ்த்துவிட இயலாது. தொலைவில் ஓர் அணில் அசைந்தாலும் அதன் கண் அங்கே நிலைகுத்திவிடும்; அதன்பின் அழைக்கும் குரல் காதில் ஏறாது. சாலையோ ஊர்தியோ அதற்குப் பொருட்டில்லை. எனவே ரூபி வெளியே செல்லும்போதெல்லாம் கழுத்துவாரோடுதான் நடந்தது. பின்புறப் புல்வெளியோ நான்கு பாய்ச்சலில் முடிந்துவிடும். வேலியருகே வந்ததும் அது சட்டென்று நின்று அப்பால் உள்ள வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வை செவிலியரின் மனத்தை உறுத்தியது. அப்போதுதான் போலி இரை துரத்தல் என்னும் விளையாட்டைப் பற்றி அவர் கேள்வியுற்றார்.

ஒரு கருவி, இரு வழிகள்

உயிருள்ள முயலுக்கு மாற்றாக ஒரு பொய்யுருவை ஓடவிட்டு நாய்களைத் துரத்தச் செய்யும் எண்ணம் புதிதன்று. 1919ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் எமரிவில் நகரில், ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் பொறியால் இயங்கும் போலி முயலைக் கொண்ட பந்தயத்தடத்தைத் திறந்தார். முயலின் உயிர் தப்பியது. ஆயினும் அத்தடத்தைச் சுற்றிப் பணப்பந்தயம் வளர்ந்தது. வட்டத்தடத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவை அரை நிமிடத்தில் ஓடி முடிக்கும் நாய்கள், தங்களுக்குப் புரியாத வெற்றி தோல்விகளுக்காக வளர்க்கப்பட்டன.

அதே கலிபோர்னியாவில், லைல் கில்லெட் முதலிய ஆர்வலர்கள் போலி இரையை வேறொரு வழியில் பயன்படுத்தினர். புல்வெளியில் ஆங்காங்கே கப்பிகளை ஊன்றி, அவற்றின் வழியே நீண்ட கயிற்றை ஓட்டி, அதில் வெள்ளை நெகிழிப் பைகளைக் கட்டினர். பொறியொன்று கயிற்றை இழுக்க, வெள்ளைப் பை முயலைப் போல வளைந்து வளைந்து ஓடியது. 1972இல் இதற்கெனத் தனிச் சங்கமும் தோன்றியது. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம் என மூன்று நிற மேலாடைகள் அணிந்த நாய்கள் ஒன்றாக ஓட, யார் முந்தினர் என்று மட்டும் பாராமல், விரைவு, திரும்பும் திறன், தளராமை, இரையைப் பின்தொடரும் ஒழுங்கு ஆகியவற்றை நடுவர்கள் மதிப்பிடுவர். போட்டியை விரும்பாதோர் தம் நாயைத் தனியே ஓடவிட்டுப் பயிற்சி அளிப்பதும் உண்டு.

பந்தயத்தடத்தில், ஓட்டம் முடிந்ததும் இரை நாய்களுக்கு எட்டாமல் மறைந்துவிடும். புல்வெளியிலோ, இறுதியில் பொறி நிற்கும். நாய் அந்தப் பையைக் கவ்விக்கொள்ளலாம். சிறிய வேறுபாடே எனினும், செவிலியரின் உள்ளத்தில் அது பதிந்தது.

எளிதில் விடை காணாத கேள்வி

"ஓடி ஓடிக் களைத்த நாயை மீட்டு வந்தீர்கள். மீண்டும் அதை ஓடவிடுவது எவ்வகையில் நியாயம்?" என்று அண்டை வீட்டு முதியவர் கேட்டார். அவர் பந்தயங்களுக்கு எதிராக வாக்களித்தவர். செவிலியரும் அவ்வாறே வாக்களித்தவர்தாம். எனவே அக்கேள்வியை அவரால் புறந்தள்ள இயலவில்லை.

அவர் ரூபியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் அதன் வலப் பின்னங்காலின் கணுக்காலை நெடுநேரம் தடவிப் பார்த்தார். இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் பந்தய நாய்களுக்கு அவ்விடத்து எலும்புகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன; முறிவும் அங்கேதான் மிகுதி. ரூபிக்கு முறிவு இல்லை; ஆனால் மூட்டு சற்றுத் தடித்திருந்தது. "ஓடலாம். புல்தரையில், தனியாக, நேர்கோட்டில் தொடங்குங்கள். இவ்வினம் ஓட்டத்தின் கிளர்ச்சியில் வலியை உணராது. இது தானாக நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள்" என்றார் அவர்.

கோடை வெப்பம் தணியும்வரை காத்திருந்து, அதன்பின் எட்டு வாரங்கள் அவர் ரூபியின் தசைகளை உரமேற்றினார். நாள்தோறும் நடையின் தொலைவு சிறிது சிறிதாகக் கூடியது. நகங்கள் வெட்டப்பட்டன. பயிற்சிக்கு முந்தைய சில மணி நேரம் உணவில்லை. ஓடுவதற்கு முன் கால் மணி நேர நடை. ஓடிய பின் மூச்சு அடங்கும்வரை மீண்டும் நடை. சிறுகச் சிறுகத் தண்ணீர். அதன்பின் வெளியேறும் சிறுநீர் கருஞ்சிவப்பாக இருந்தால் தசை சிதைவுற்றதன் அறிகுறி. உடனே மருத்துவரை நாட வேண்டும். நோயாளிகளைக் கவனித்துப் பழகிய அவருக்கு இவை கடினமாகத் தோன்றவில்லை.

முதல் துரத்தல்

பயிற்சிக்களத்தில் முதல் நாள், வெள்ளைப் பை புல்லின்மேல் துள்ளி ஓடியது. ரூபி அதைப் பார்த்தது; பிறகு தலையைத் திருப்பி எதையோ தேடியது. கதவு மேலெழும் புறப்பாட்டுப் பெட்டியும், தண்டவாளத்தில் இரை உருண்டு வரும் ஓசையும் இல்லாத இடத்தில் எதற்காக ஓடுவது என்று அதற்கு விளங்கவில்லை. களத்தை நடத்தியவர் சிரித்துக்கொண்டே, "கட்டாயப்படுத்த வேண்டாம், விரும்பாவிட்டால் அதுவும் ஒரு விடைதான்" என்றார்.

வீட்டில், நீண்ட கழியின் முனையில் ஒரு பையைக் கட்டி, புல்வெளியில் மெல்ல அசைத்துக் காட்டினார் செவிலியர். மூன்றாம் நாள் ரூபியின் காதுகள் நிமிர்ந்தன. ஐந்தாம் நாள் அது முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்னுடலை உயர்த்தி, பாயும் நிலையில் நின்றது. பையைக் கவ்வியதும், அடுத்து என்ன செய்வது என்று அறியாமல் வாயில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தது.

அடுத்த பயிற்சியில், பை அசைந்த கணமே ரூபியின் உடல் நாணேற்றிய வில்லானது. கழுத்துவார் நழுவியது. 200 மீட்டர் நேர்கோடு. கால் நிமிடம்கூட ஆகவில்லை. தாழ்ந்த தலை, நீண்ட உடல், நிலத்தைத் தொட்டும் தொடாமலும் பாயும் கால்கள். உறங்கும் நாயை மட்டுமே அறிந்திருந்த செவிலியர் வேறொரு விலங்கைக் கண்டார். இறுதியில் பை நின்றது. ரூபி அதைக் கவ்வி உதறியது. வாலைச் சுழற்றியபடி, அவர் வந்து சேரும்வரை அதை விடவே இல்லை. பல ஆண்டுகளாக எட்டாதிருந்த இரை அன்று எட்டியது.

ஒரு பிழை

மூன்றாம் பயிற்சியில், வலமும் இடமுமாக மெல்ல வளையும் பாதையில் ரூபி ஓடியது. கூடியிருந்தோர் கைதட்டினர். ஓட்டம் முடிந்தும் அது கயிற்றைப் பார்த்துத் துள்ளியது. "மற்றுமொரு முறை ஓடட்டும், அதுவே கேட்கிறதே" என்றார் ஒருவர். செவிலியருக்கும் அந்த அழகை மீண்டும் காணும் ஆசை எழுந்தது. ஓய்வு போதாது என்பதை அறிந்திருந்தும் அவர் இசைந்தார்.

அன்று மாலை வீட்டில் எழுந்த ரூபி, வலப் பின்னங்காலை ஊன்றாமல் மூன்று கால்களால் நடந்தது.

எலும்பு முறியவில்லை, தசைநார்தான் இழுபட்டிருந்தது. மூன்று வாரம் ஓய்வு போதும் என்றார் மருத்துவர். ஆயினும் அந்த மூன்று வாரமும் செவிலியரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. தடத்தில் நாயை ஓட்டியவர்கள் பணத்திற்காக ஓட்டினார்கள். தாம் ஒரு காட்சிக்காக ஓட்டினோமே என்று எண்ணினார். அது விரும்பியே ஓடியது என்பதும் உண்மைதான். ஆனால், விரும்பத் தெரிந்த அதற்கு நிறுத்தத் தெரியாது என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அண்டை வீட்டாரிடம் நடந்ததை மறைக்காமல் கூறினார். முதியவர் குற்றம் சாட்டவில்லை. "இனி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அளவைக் காப்பவர்

இரண்டு வழிகள் இருந்தன. ஓட்டத்தை முற்றிலும் நிறுத்திவிடலாம். ரூபி பாதுகாப்பாக இருக்கும். வேலியருகே நின்று வெளியைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். அல்லது, ஓட்டத்தை அதற்கு விட்டு, அளவைத் தாம் ஏற்கலாம். செவிலியர் இரண்டாவதைத் தேர்ந்தார். மருத்துவர் இசைந்த பின், மாதத்தில் ஒரு நாள், குளிர்ந்த காலையில், தனியாக, ஒரே ஒரு ஓட்டம் என்று வரையறுத்துக்கொண்டார். போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. களத்திற்குச் சென்ற பின்னும், ரூபியின் நடையில் சிறு தயக்கம் தெரிந்தால் ஓடவிடாமலே திரும்பினார். ஒருமுறை, பை அசைந்தும் ரூபி அசையாமல் அவர் காலருகே படுத்துக்கொண்டது. அன்றும் மறுபேச்சின்றி வீடு திரும்பினார்.

அடுத்த மாதம் அண்டை வீட்டு முதியவரும் உடன் வந்தார். ரூபி ஓடியது. வளைவில் வலப்பக்கம் திரும்பியபோதும் அதன் கால் தடுமாறவில்லை. பையைக் கவ்வி, உதறி, தலை நிமிர்த்தி நின்றது. செவிலியர் கழுத்துவாரை மாட்டினார். ரூபி மீண்டும் களத்தை நோக்கி இழுத்தது. இன்னும் ஒருமுறை ஓடவே அது விரும்பியது என்பது முதியவருக்கும் புரிந்தது.

செவிலியர் குனிந்து அதன் நெஞ்சில் கைவைத்து, துடிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, காரை நோக்கி மெல்ல நடத்திச் சென்றார். அன்று பிற்பகல் முழுவதும் ரூபி உறங்கியது. உறக்கத்திலும் அதன் கால்கள் அவ்வப்போது துடித்தன. அந்தக் கனவில் எத்தனை ஓட்டம் ஓடினாலும் தடுப்பதற்கு யாரும் இல்லை.