பால்தேயஸின் அறுபட்ட தாள்கள்

பங்குனி 8, ஞாயிறு

லெய்டனில் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் பால்தேயஸ் பாதிரியாரின் நூல் கிடைத்தது. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. மலபார், சோழமண்டலக் கரைகள் ஒரு பாகம், இலங்கை ஒரு பாகம், இந்துக்களின் வழிபாடு ஒரு பாகம். முழுப் பிரதியை வாங்க எனக்கு வசதியில்லை. எனக்குக் கிடைத்த பிரதியில் முகப்புத்தாள் இல்லை, வரைபடங்கள் இல்லை, செப்புத்தகட்டுப் படங்களில் பெரும்பாலானவை இல்லை. அதனால்தான் என் வீடு வந்து சேர்ந்தது.

பங்குனி 10, செவ்வாய்

வேலையால் வந்ததும் இலங்கைப் பாகத்தைத் திறந்தேன். பால்தேயஸ் டெல்ஃப்ட் நகரில் 1632இல் பிறந்தவர். 1658இல் ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸின் படை போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது கூடவே வந்து, பிறகு சில ஆண்டுகள் எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்களில் மதகுருவாக இருந்தார். தெல்லிப்பழை, மல்லாகம், சங்கானை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று ஒவ்வொரு கோயிற்பற்றாக, அதாவது தேவாலயப் பங்காக, எழுதிப் போகிறார். வென்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆள் அவர். கத்தோலிக்கரையும் சைவரையும் நடுநிலையோடு பார்த்தவர் அல்லர். ஆனாலும் இந்த ஊர்ப் பெயர்களையும் தமிழ் எழுத்துகளையும் அந்தக் காலத்து ஐரோப்பியர் கையில் கொடுத்தது இந்த நூல். அதை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

பங்குனி 15, ஞாயிறு

இன்று முழுக்கத் தாள்களைச் சரிபார்த்தேன். அந்தக் கால அச்சுக்காரர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைப் போட்டு வைப்பார், தாள் மாறித் தைத்துவிடாமல் இருக்க. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே போனால் எது காணாமற்போனது என்று தெரிந்துவிடும். கோயிற்பற்றுகளைச் சொல்லும் இடத்தில் சொல் பொருந்தவில்லை. தையலோரத்தில் விரற்கடை அகலத் தாள் நிற்கிறது, வெட்டு நேர்க்கோடு. பூச்சியோ ஈரமோ இப்படி அறுக்காது.

பெரிய மடிப்புப் படங்கள் தனியே அச்சாகிச் சேர்க்கப்பட்டவை. எடுத்தாலும் எழுத்துக்குச் சேதமில்லை. சிறிய படங்களில் பல எழுத்துத் தாளிலேயே அச்சானவை. அவற்றை அறுத்தவர் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோனார். ஒரு நூலை உடைத்து ஒவ்வொரு படத்தையும் சட்டம் போட்டு விற்றால் மொத்தத்தில் கூடக் காசு வரும். இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். நூல் அவர்களுடைய சொந்தச் சொத்தாகவே இருந்தாலும் இதை நான் களவு என்றுதான் சொல்வேன்.

பங்குனி 16, திங்கள்

என் மாஸ்டருக்கு போன் எடுத்துச் சொன்னேன். வட்டுக்கோட்டையில் படித்தவர்.

"தம்பி, பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பிச்ச தாமோதரம்பிள்ளை எங்கட வட்டுக்கோட்டை செமினரியில படிச்ச ஆள். ஏடு சிதைஞ்சுபோச்செண்டு எறிஞ்சவரே? வேற பிரதி பார்த்து எழுதி வையும்."

அவர் சொன்ன செமினரி 1823இல் தொடங்கியது. பால்தேயஸ் எழுதிய பழைய கோயிலின் இடிபாட்டைத் திருத்தி அமெரிக்க மிஷனரிமார் குடியேறிய அதே வளவில்.

பங்குனி 21, சனி

நூலகமொன்று இணையத்தில் வைத்திருக்கும் முழுப் பிரதியைப் பார்த்து, விடுபட்ட பக்கங்களை எழுதத் தொடங்கிவிட்டேன். அதிலுள்ள படத்தில் யாழ்ப்பாணக் கோட்டை நாற்சதுரமாக நிற்கிறது: போர்த்துக்கேயர் கட்டியது. இன்று நாம் காணும் ஐங்கோணக் கோட்டை ஒல்லாந்தர் பின்னர் எழுப்பியது. சுவரில் தனியே தொங்கும் படத்தைப் பார்ப்பவர் இதை எப்படி அறிவார்?

மூன்றாம் பாகத்துக்கு இந்த உழைப்பைச் செலவிடப் போவதில்லை. அதில் பெரும்பகுதி ஃபெனிசியோ என்ற யேசு சபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. அந்த மூலம் 1933இல் பதிப்பாகிவிட்டது.

கோயிற்பற்றுகளின் பழைய படம் சட்டத்துக்குள் உங்கள் வீட்டில் இருந்தால், கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து இருந்தால் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, ஒல்லாந்தர் கால நூல்களைக் காக்கும் நூலகம் ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். இனிமேல் தனித்தாளாக விற்கப்படும் படத்தை வாங்காதீர்கள். வாங்க ஆளில்லாவிட்டால் அறுக்கவும் ஆளிருக்காது.