சின்ன காஞ்சியில் ஒரு பெரிய தர்மம்

காஞ்சிபுரத்துக்குப் பிரயாணமாகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்தே போகிறார்கள். ஒன்று சுவாமி தரிசனம். மற்றொன்று கல்யாணப் புடவை. இவ்விரண்டில் எது முதன்மையானது என்று ஆராயப் புகுந்து, வீட்டிலுள்ள பெண்மணிகளின் கோபத்துக்கு ஆளாக நாம் விரும்பவில்லை. நாம் சென்றது மூன்றாவதொரு காரியத்துக்காக. ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் அந்த ஊரில் நடந்துவந்த தர்மங்கள் எவை, அவற்றுள் பலித்தது எது, பலியாமற் போனது எது என்று அறிந்து வருவதே நமது நோக்கம்.

செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில், பழையசீவரம், வாலாஜாபாத் முதலிய நிலையங்களைத் தாண்டி நம்மைக் காஞ்சியில் இறக்கிவிடுகிறது. ஊர் ஒன்றாயினும் பெயர் இரண்டு. ஏகாம்பரநாதர் கோவிலைச் சூழ்ந்தது பெரிய காஞ்சி; வரதராஜப் பெருமாள் கோவிலைச் சூழ்ந்தது சின்ன காஞ்சி. பெயரில்தான் சின்னதே தவிர, கீர்த்தியில் அன்று. வேதாந்த தேசிகர் அவதரித்த தூப்புல் இங்கேதான் இருக்கிறது. நீருக்கடியில் பள்ளிகொண்டிருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுவதும் இங்கேதான். 2019-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவர் 48 நாள் காட்சி தந்தபோது, நாடெங்குமிருந்து வந்த ஜனத்திரளைத் தாங்கமாட்டாமல் இந்தச் சந்நிதித் தெருக்கள் திணறிப் போயின.

அன்னமும் அறிவும்

காஞ்சிக்கும் கல்விக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. இந்நகரின் கல்விக்குக் கரையே இல்லை என்று அப்பர் பெருமான் பாடியிருக்கிறார். பல்லவர் காலத்துக் கடிகையில் கற்பதற்காகக் கடம்ப வமிசத்து மயூரசர்மன் தன் குருவோடு இவ்வூருக்கு வந்த செய்தியைக் கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கும் இந்நகரைக் கண்டு போயிருக்கிறார்.

ஆனால் காஞ்சியைப் பற்றி நமக்கு மிகவும் உவப்பான கதை மணிமேகலையினுடையது. மழை பொய்த்துக் காஞ்சி பசியால் வாடியபோது, மணிமேகலை அமுதசுரபியைக் கையிலேந்தி இந்நகருக்கு வந்தாள். முதலில் பசித்தவர்களுக்கெல்லாம் அன்னமிட்டாள். பிறகுதான் அறவண அடிகளிடம் அமர்ந்து தருமம் கேட்டாள். இந்த முறைவரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும். வயிறு முதலில், ஏடு பிறகு. ஏழைக் குழந்தையின் கல்வியைப் பற்றி யோசிப்பவர்கள் அறியவேண்டிய முதற்பாடம் இதுதான்.

தறியின் பக்கத்தில் ஒரு சிறுவன்

இரண்டாவது பாடத்தைத் தறிதான் கற்பிக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமையெல்லாம் கோர்வையில் இருக்கிறது. புடவையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வோர் ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்ற பெயர் கிடைக்கும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளி எத்தனை கைதேர்ந்தவரானாலும் அவருக்கு இருப்பவை இரண்டு கைகளே அல்லவா? ஆகையால் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து, ஒரு கரையின் நாடாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நெசவாளியின் கை ஓயும் வரை துணையாளின் கையும் ஓயக்கூடாது.

அந்தத் துணையாள் வெகுகாலம் வரை ஒரு சிறு பிள்ளையாகவே இருந்தான், அல்லது இருந்தாள். நெசவாளியின் சொந்தப் பிள்ளையாக இருந்தால் கூலியே இல்லை. அடுத்த தெருவிலிருந்தோ பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வந்த ஏழைப் பிள்ளையாக இருந்தால், முன்பணம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு வைத்தியச் செலவு, ஒரு மரணம் என்று ஏதேனும் நேரும். பெற்றவர்கள் சில ஆயிரம் ரூபாய் வாங்குவார்கள். அது தீரும்வரை குழந்தை தறியை விட்டு நகரக்கூடாது. கூலியோ மிகச் சொற்பம். வட்டியோ வளர்ந்துகொண்டே போகும். முன்பணம் கொடுத்த நெசவாளிதான் செல்வரா என்றால், அவரும் தம் முதலாளியிடம் கடன்பட்டவரே. வரதர் கோவில் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைக் கண்டு வியக்காதவர் இல்லை. தறிக்கூடத்துக் கடன் சங்கிலியோ ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சந்நிதிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு முதிய நெசவாளியைச் சந்தித்துப் பேசினோம். எட்டு வயதில் தறியின் பக்கத்தில் உட்கார்ந்தவராம். “பள்ளிக்கூடத்து மணி எங்கள் தறி வரையில் கேட்கும், ஐயா! ஆனால் அந்த மணியைக் கேட்டால் எனக்கு வாத்தியார் ஞாபகம் வராது. கஞ்சி குடிக்க இன்னும் எத்தனை நாழிகை என்ற ஞாபகந்தான் வரும்” என்றார். பிறகு தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இந்தக் கண் பாதி அப்போதே போய்விட்டது” என்றும் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் மயிரிழை போன்ற பட்டு நூலையே பார்த்திருக்கும் கண்ணும், குழித்தறியின் ஈரத்தில் தொங்கும் காலும், நாளெல்லாம் வளைந்திருக்கும் முதுகும் ஒரு குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமலா இருந்தது? குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பது கூடாதென்று 1933-லேயே சட்டம் செய்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. ஆயினும் 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது, காசியையும் கர்நாடகத்தையும் கூறியதோடு நமது காஞ்சியையும் கூறும்படியாயிற்று. கல்விக்குக் கரையில்லாத ஊரிலே குழந்தைகள் கரை போட்டுக்கொண்டிருந்தார்கள்!

பச்சையப்பர் வைத்துப் போன செல்வம்

தருமவான்களும் இல்லாமல் போகவில்லை. 1794-ல் காலமான பச்சையப்ப முதலியார் தம் பெருஞ்செல்வத்தைத் தர்மத்துக்கென்று எழுதி வைத்தார். அவர் முக்கியமாகக் கருதியவை தெய்வ கைங்கரியங்கள். பிற்காலத்தில் அந்த மூலதனம் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு வந்தபோது, மிகுந்த பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. 1842-ல் சென்னையில் பள்ளி பிறந்தது. காஞ்சிபுரத்திலும் பச்சையப்பன் பள்ளி எழுந்தது.

அதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் சின்ன காஞ்சியிலேயே நினைவு இல்லமாக நிற்கிறது. 1909-ல் இவ்வூரில் எளிய நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்த சி. என். அண்ணாதுரை, காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பத்தின் வறுமையால் நடுவே படிப்பை நிறுத்தி, நகரசபையில் குமாஸ்தா வேலை பார்த்தார். மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1967-ல் ராஜ்யத்தின் முதன்மந்திரியானார். அரசியலில் நேயர்களின் கொள்கை எதுவாயினும் ஆகுக. நாம் இங்கே கவனிக்கும் விஷயம் வேறு. நல்ல பள்ளி இருந்தும், கூர்மையான மூளை இருந்தும், வீட்டு வறுமை அந்தப் பையனைப் பள்ளியிலிருந்து ஒருமுறை வெளியே இழுத்துவிட்டது. அவர் திரும்பி வந்துவிட்டார். திரும்பி வராதவர்களுக்கு நினைவு இல்லங்கள் கிடையா.

நசரத்பேட்டையில்

இந்த உண்மையை அனுபவத்தால் கண்டுகொண்ட ஸ்தாபனம் ஒன்று சின்ன காஞ்சியை அடுத்த நசரத்பேட்டையில் வேர்கொண்டது. 1988-ல் சுவீடன் தேசத்துத் தம்பதிகள் இருவர், தமிழ்நாட்டுக் குழந்தைகள் வேலைக்குப் போவதைக் கண்டு மனம் வருந்தி, அவர்கள் படிப்புக்கு உதவவென்று ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ என்ற சங்கத்தைத் தங்கள் தேசத்தில் தொடங்கினார்கள். கைகோத்தல் என்பதே அப்பெயரின் பொருள். ஆரம்பத்தில் அது மற்றத் தர்மங்களைப் போன்றதே. புண்ணியவான்கள் பணம் அனுப்புவார்கள், குழந்தைகள் படிப்பார்கள்.

2000-க்குப் பிற்பட்ட முதற் சில ஆண்டுகளில் அதன் போக்கு மாறியது. தொழிலதிபர் பெர்சி பார்னவிக்கும், ஸ்ரீமதி கல்பனா சங்கரும் பொறுப்பேற்றபோது, குழந்தைக்குப் புத்தகம் கொடுத்தால் மட்டும் போதாது, தாயின் கையில் வருமானம் இருக்கவேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார்கள். பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்தார்கள். சேமிக்கப் பழக்கி, கணக்கு எழுதப் பயிற்றி, மாடு வாங்கவும் கடை வைக்கவும் தையல் பழகவும் சிறு கடன் கிடைக்கச் செய்தார்கள். தறியிலிருந்து மீண்ட குழந்தைகளுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சிப் பள்ளிகள் ஏற்படுத்தி, விட்டுப்போன பாடங்களைச் சொல்லித் தந்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் இந்திய, அமெரிக்க அரசாங்கங்களின் பொருளுதவியோடு நடத்திய ‘இண்டஸ்’ திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஐந்து மாவட்டங்களில் காஞ்சியும் ஒன்று.

இதன் சூட்சுமம் என்ன? குழந்தையைத் தறியில் கட்டியது ஒரு முன்பணக் கடன். அந்தக் கடனை அண்டாமலே குடும்பம் அவசரச் செலவைச் சமாளிக்க முடியுமானால், குழந்தையை யாரும் அடகு கேட்க முடியாது. பெண்கள் மாதந்தோறும் சேர்த்து வைக்கும் சின்னப் பெட்டியிலிருந்து ஒரு தாய் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுத்துக்கொள்ளும் தினத்தில், அவள் மகளின் பள்ளிப் படிப்பும் காப்பாற்றப்படுகிறது.

சோறும் கண்ணாடியும்

அமுதசுரபியின் காரியத்தை நம் நாட்டில் சர்க்கார் ஏற்றுக்கொண்ட வரலாறு பெருமைக்குரியது. 1920-ல் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு அளித்தது. 1956-ல் காமராஜர் அதனை நாடெங்கும் பரப்பினார். ஊரார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணாதுரை பிறந்த தினத்தன்று, காலை உணவும் தொடங்கியது. பள்ளிக்குழந்தைகளின் கண்ணைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி தரும் ‘கண்ணொளி காப்போம்’ திட்டமும் தமிழ்நாட்டில் நடந்து வந்திருக்கிறது. நாம் சந்தித்த முதியவருக்கு அக்காலத்தில் இவையெல்லாம் கிடைத்திருந்தால்!

முன்பணத்துக்குக் குழந்தையைத் தறியில் அமர்த்தும் வழக்கம் இன்று பெரிதும் குறைந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் போகிறார்கள். தறிக்குத் துணையாளே கிடைப்பதில்லை என்று நெசவாளிகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆயினும் அபாயம் அடியோடு நீங்கிவிட்டதாக எண்ணுதல் கூடாது. 2016-ல் திருத்திய சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்கள் எந்த வேலையும் செய்யலாகாது என்று தடுக்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தறியோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை சற்று நேரம் உதவுவது எப்போது முடிகிறது, படிப்பு போவது எப்போது தொடங்குகிறது என்று எந்த அதிகாரி கதவைத் தட்டிப் பார்க்க முடியும்?

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம் மக்கள் தர்ம சிந்தையில் குறைந்தவர்களல்லர். திருவிழா நாளில் அன்னதானம் செய்கிறோம். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறோம். இவை நல்ல காரியங்களே. ஆனால் ஒரு குழந்தை ஜூன் மாதத்தில் பள்ளியை விடுவதில்லை. தகப்பன் படுக்கையில் விழும் மாதத்தில், தறியில் வேலை இல்லாத மழைக்காலத்தில், அக்காளுக்கு முகூர்த்தம் குறித்த தையில் விட்டுவிடுகிறது. தர்மம் அந்த மாதத்தில் அங்கே இருக்கவேண்டும். ஆகவே, நேயர்களில் உதவ வசதியுள்ளவர்கள் ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட, தங்கள் ஊரில் ஒரு குடும்பத்தை, ஒரு பள்ளியை, அல்லது ஒரு பெண்கள் குழுவைப் பற்றிக்கொண்டு, ஆண்டு முழுவதும் கைவிடாமல் இருப்பது நலம். ஆசிரியரைக் கண்டு, இம்மாதம் எந்தக் குழந்தை வரவில்லை என்று விசாரித்தாலே பாதித் தர்மம் ஆயிற்று.

காஞ்சிப் பட்டு நீடூழி வாழ்க. அதை நெய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கிடைப்பதாக! அதற்காக நாம் இரண்டு காசு கூடுதலாகக் கொடுக்கவும் சித்தமாயிருப்போம். மூன்றாவது நாடாவைப் போடும் கை வளர்ந்த மனிதனுடைய கையாகவே இருக்கட்டும். குழந்தையின் கைக்குப் பேனா போதும்.